மறு: கருப்பைத் தசையில் ‘ஊடுருவல்’ – வேறு சொல் வேண்டும்

அன்பர்களுக்கு வணக்கம்.

புற்று கருப்பைத் தசைக்குள் போவதைக் குறிக்கும் ‘ஊடுருவல்’ (invasion) என்ற சொல்லுக்கு மாற்று கேட்டு நான் எழுதிய போன மடலுக்கு இத்தனை பேர் பதில் எழுதியது தெம்பாக இருக்கிறது. “ஊடுருவல் நல்ல தமிழ்தானே, ஏன் மாற்ற வேண்டும்?” என்று இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். முதலில் அதைச் சொல்லிவிடுகிறேன்.

கேரளத்தில், பாலக்காடு மாவட்டத்துக் கொழிஞ்சாம்பாறைப் பக்கம் ஒரு ஸ்கேன் மையத்தில் வேலை செய்கிறேன். டாக்டர் மலையாளத்தில் சொல்வார், ரிப்போர்ட் ஆங்கிலத்தில் இருக்கும், வருகிறவர்களின் வீட்டுப் பேச்சு தமிழ். அதனால் முக்கியமான வரிகளைத் தமிழில் ஒரு தாளில் எழுதிக் கொடுப்பேன். கருப்பையின் உட்சவ்வில் புற்று வந்திருந்த ஓர் அம்மாவுக்கு, “கருப்பைத் தசையில் ஊடுருவல் உள்ளது, பாதிக்கும் குறைவு” என்று எழுதியிருந்தேன். காற்புள்ளிக்கு அப்பால் அவர் கண் போகவே இல்லை. “ஏங்கண்ணு, அப்ப சுவத்தைத் தாண்டி வெளிய வந்துருச்சுங்களா?” என்றார்.

அவர் படித்ததில் தப்பில்லை. அம்பு மார்பை ஊடுருவியது என்றால் முதுகுப்பக்கம் வந்துவிட்டது என்று பொருள். எல்லையில் ஊடுருவல் என்றால் ஆள் இந்தப் பக்கம் வந்தாயிற்று. உருவுதல் என்பதிலேயே மறுபக்கம் காண்பது இருக்கிறது. அவருக்கோ சுவர் 16 மி.மீ. தடிமன், புற்று போயிருந்தது 5 மி.மீ.

படத்தில் பார்ப்பது இதுதான். எம்.ஆர்.ஐ. ஸ்கேனில் டி2 என்ற வகைப் படத்தில் உட்சவ்வு வெளுப்பாகத் தெரியும், அதை ஒட்டி ஒரு மெல்லிய கரும்பட்டை, அதற்கு வெளியே சாம்பல் நிறத்தில் தசை. சாம்பல் நிறப் புற்று அந்தக் கரும்பட்டையை எங்கே உடைக்கிறது என்று தேடுகிறோம். மாதவிடாய் நின்றவர்களுக்குப் பட்டை பல சமயம் மங்கிப்போயிருக்கும். அப்போது திசுக்களைப் பிரித்துக் காட்ட உதவும் கடோலினியம் மருந்து ஏற்றி, சுமார் இரண்டரை நிமிடம் கழித்து எடுக்கும் படம் கைகொடுக்கும்: தசை பளிச்சென்று இருக்க, புற்று மட்டும் மங்கலாக நிற்கும். இது புற்றுதான் என்று உறுதிசெய்வது திசுச் சோதனை. எவ்வளவு தூரம் போயிருக்கிறது என்று அறுவைக்கு முன்பே காட்டுவது எம்.ஆர்.ஐ.

அந்தத் தூரத்தில்தான் எல்லாம் இருக்கிறது. ஃபிகோ என்ற பன்னாட்டு மகளிர், மகப்பேறு மருத்துவர் கூட்டமைப்பின் 2009 நிலை வகைப்பாட்டில், கருப்பை உடலோடு நிற்கும் புற்று தசையின் பாதியை எட்டாவிட்டால் 1ஏ, பாதியோ அதற்கு மேலோ என்றால் 1பி. பாதியைத் தாண்டினால் நிணநீர்க் கணுக்களுக்குப் பரவியிருக்கும் வாய்ப்பு கூடுகிறது, அறுவையின் அளவும் அதைப் பார்த்தே முடிவாகிறது. 2023 திருத்தத்தில் புற்றின் வகையும் மூலக்கூறு இயல்பும் சேர்ந்தன, ஆனாலும் பாதிக்கோடு அங்கேயேதான் இருக்கிறது. எனவே நமக்கு வேண்டிய சொல், உள்ளே போனதை மட்டும் சொல்ல வேண்டும், வெளியே வந்ததாகச் சொல்லக் கூடாது.

இனி நீங்கள் அனுப்பிய சொற்கள். ‘தசையிறக்கம்’ எனக்கும் முதலில் பிடித்தது. சுவரில் ஈரம் இறங்குவதுபோல் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் கருப்பை இறக்கம் என்பது ஊரில் எல்லோருக்கும் தெரிந்த வேறு நோய். தாளில் ‘இறக்கம்’ என்று கண்டால் அடி இறங்கிவிட்டது என்றே எடுத்துக்கொள்வார்கள். ‘புகல்’ அழகான சொல், ஆனால் அடைக்கலம் என்ற பொருள் முந்திக்கொள்கிறது. ‘பரவல்’ நோய் வேறு உறுப்புக்குப் போவதற்கு ஏற்கெனவே வேலை செய்கிறது, அதை இழுக்க வேண்டாம்.

நான் முன்வைப்பது ‘நுழைவு’. எவ்வளவு என்பதற்கு ‘நுழைவாழம்’. நுழைவுச்சீட்டு நினைவுக்கு வருகிறதே என்று தென்காசி அன்பர் எழுதியிருந்தார். வரட்டும், வாசலைத் தாண்டி உள்ளே வந்ததுதானே அங்கேயும் பொருள். மற்ற இடங்களிலும் வைத்துப் பார்த்தேன். புற்று கருப்பைக் கழுத்தின் திசுவுக்குள் போயிருந்தால் ‘கழுத்துத்திசு நுழைவு’, அது இரண்டாம் நிலை. நுண்ணோக்கியில் குழாய்களுக்குள் புற்றணு தெரிந்தால் ‘நிணநீர்–இரத்தக்குழாய் நுழைவு’. இரண்டும் இடறாமல் வருகின்றன. புற்று கருப்பையின் வெளிச்சவ்வையே துளைத்துவிட்ட மூன்றாம் நிலைக்கு மட்டும் ‘ஊடுருவல்’ இருக்கட்டும். அங்கே அந்தச் சொல் முழுக்க உண்மை.

அப்புறம், ஆங்கிலத்தில் ‘stage’ என்பதற்கு நிலையா கட்டமா என்ற கேள்வி. மலையாளத்தில் ‘கட்டம்’ என்பதால் எங்கள் பக்கம் அதுவே வாயில் வரும். ஆனால் தமிழில் ‘கடைசிக் கட்டம்’ என்று சொல்லிச் சொல்லி அந்தச் சொல்லுக்கே ஒரு பயம் ஒட்டிக்கொண்டுவிட்டது. ‘நிலை’ போதும்.

குழுவில் உள்ள மருத்துவர்கள் ‘நுழைவாழம்’ எங்காவது இடிக்கிறதா என்று பார்த்துச் சொல்லுங்கள். அதுவரை என் தாளில் வரி இப்படி இருக்கும். அளவை முன்னால் கொண்டுவந்துவிட்டேன்:

“கருப்பையின் தசைச்சுவர் 16 மி.மீ. அதில் நுழைவாழம் 5 மி.மீ., பாதிக்கும் குறைவு. சுவருக்கு வெளியே வரவில்லை.”