ஸ்பானிஷில் அச்சடித்துக் கொடுத்தால் போதுமா? படையிலிருந்து திரும்பும் ஹிஸ்பானிக் வீரர்களும் அவர்கள் வீட்டாரும்

மருந்துமணி, சான் அன்டோனியோ:
இங்கே மருந்தகத்தில் வேலை பார்க்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் ஒரு தேவாலய மண்டபத்தில், படையிலிருந்து திரும்பிய ஹிஸ்பானிக் (ஸ்பானிஷ் பேசும் நாடுகளின் வம்சாவளி) பிள்ளைகளுக்கும் வீட்டாருக்கும் உடல்நலத் தகவல் சொல்லும் கூட்டம் நடக்கும். உதவிக்குப் போவேன். போன வாரம் ஒரு அம்மாவிடம் பிடிஎஸ்டி (போர் போன்ற பேரதிர்ச்சிக்குப் பின் தொடரும் மனநோய்) பற்றிய ஸ்பானிஷ் துண்டுப்பிரசுரத்தைக் கொடுத்தேன். வாங்கி இரண்டாக மடித்து விசிறிக்கொண்டார். கொஞ்ச நேரம் கழித்து, "என் மகனுக்கு இந்த நோயெல்லாம் இல்லை, அவனுக்கு நெர்வியோஸ்" என்றார். நரம்புத் தளர்ச்சி என்று நம் ஊரில் சொல்வோமே, கிட்டத்தட்ட அந்த மாதிரிச் சொல். மகன் இரவில் தூங்குவதில்லையாம். நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தே விடிய வைக்கிறானாம்.

பிரசுரத்தை அவர்கள் பேசும் சொற்களிலேயே புதிதாக எழுதலாம் என்றேன். குழுவில் ஒருவர், வெட்டி வேலை என்கிறார். நீங்கள் என்ன சொல்கிறீர்கள்?

ஆஸ்டின்காரன்:
மணி சார், நான் அந்த ஒருவர் கட்சி. அமெரிக்கப் படையில் சேர ஆஸ்வாப் தேர்வை ஆங்கிலத்தில்தான் எழுத வேண்டும். ஆங்கிலத்தில் உத்தரவு வாங்கி ஈராக்கில் சண்டை போட்டவனுக்கு மாத்திரை விவரம் மட்டும் ஸ்பானிஷில் எதற்கு?

அதோடு ஹிஸ்பானிக் என்பது ஒரே கூட்டமா என்ன? போர்ட்டோ ரிக்கோக்காரர் வேறு, மியாமி கியூபர் வேறு, எல்லையோர டெக்சாஸில் ஐந்து தலைமுறையாக இருப்பவர் வேறு. நம்மையெல்லாம் தெற்காசியர் என்று ஒரே மூட்டையாகக் கட்டி, மஞ்சள் பால் படம் போட்டு நோட்டீஸ் கொடுத்தால் நமக்குச் சிரிப்பு வராதா?

கொடிமுல்லை, ஹூஸ்டன்:
ஆங்கிலத்தில் உத்தரவு வாங்கியது மகன். அவனுக்கு மாத்திரை எடுத்துக் கொடுப்பது அம்மா. மருந்துப் புட்டியில் 'ஒன்ஸ்' (once) என்று ஆங்கிலத்தில் எழுதியிருந்தால், 'ஒரு தடவை' என்று பொருள். அதே எழுத்துகளை ஸ்பானிஷாகப் படித்தால் பதினொன்று. மணி அண்ணாவுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

1980-இல் புளோரிடாவில் 18 வயதுப் பையனை நினைவில்லாமல் மருத்துவமனைக்குக் கொண்டுவந்தார்கள். 'இன்டாக்சிகாடோ' என்றார்கள் வீட்டார். சாப்பிட்டது ஒத்துக்கொள்ளவில்லை என்பது அவர்கள் எண்ணம். மருத்துவர்களோ போதைமருந்து என்று எடுத்துக்கொண்டார்கள். உள்ளே மூளையில் ரத்தக்கசிவு. கண்டுபிடிப்பதற்குள் கைகால் நான்கும் செயலிழந்துவிட்டன. அங்கே ஸ்பானிஷ் தெரிந்தவர்கள் இல்லாமலில்லை. ஒரு சொல்லை அந்த வீட்டில் எந்தப் பொருளில் சொல்கிறார்கள் என்று யாரும் கேட்கவில்லை, அவ்வளவுதான்.

வியட்நாமிலிருந்து திரும்பியவர்களைப் பற்றி 1980-களில் நடந்த தேசிய ஆய்வில், ஹிஸ்பானிக் ஆண்களில் 27.9 சதவீதம் பேருக்குப் பிடிஎஸ்டி இருந்தது. கறுப்பினத்தவரில் 20.6, வெள்ளையரில் 13.7. வித்தியாசமே இல்லை என்று எப்படிச் சொல்வது?

மாவ்னிக்காரன்:
நான் மாவ்னி திட்டத்தில் படையில் சேர்ந்தவன். அமெரிக்கக் குடியுரிமை இல்லாதவர்களை மொழித்திறனுக்காகச் சேர்த்துக்கொண்ட திட்டம் அது. பட்டியலில் தமிழும் இருந்தது. தமிழ் என்னை அமெரிக்கச் சிப்பாயாக்கியது என்றால் ஊரில் யாரும் நம்புவதில்லை, அது கிடக்கட்டும்.

கொடிமுல்லை சொன்ன எண்கள் சரி. ஆனால் அதே தரவை 2008-இல் மறுபடி அலசியபோது, போர்முனையில் அவர்கள் பட்ட அதிகக் கொடுமை, போனவர்களின் இளம் வயது, குறைந்த படிப்பு, குறைந்த தகுதித் தேர்வு மதிப்பெண் இவற்றைக் கொண்டே அந்த வித்தியாசத்தை விளக்க முடிந்தது. இரத்தத்தில் எதுவும் இல்லை. படை யாரை எடுத்தது, எங்கே நிறுத்தியது என்ற கதை அது.

எனக்கு எரிச்சல் எதில் தெரியுமா? ஒரு பயிற்சி வகுப்பில் 'மச்சிஸ்மோ' (ஆண்மை வீம்பு) என்று தலைப்புப் போட்டு, ஹிஸ்பானிக் ஆண்கள் வலியை வெளியே சொல்லமாட்டார்கள் என்று பாடம் நடத்தினார்கள். என் படைப்பிரிவில் நெப்ராஸ்கா விவசாயி மகனும் சொல்லவில்லை, நானும் சொல்லவில்லை. சொன்னால் பதவி உயர்வு போய்விடும் என்ற பயம். அதற்குப் படைதான் காரணம். யாருடைய பாட்டி ஊரும் மெக்சிகோ என்பதால் வந்ததில்லை.

கொடிமுல்லை, ஹூஸ்டன்:
மச்சிஸ்மோ பாடத்தை நானும் எதிர்க்கிறேன், அதில் உங்களோடு சண்டை இல்லை. ஆனால் பண்பாடு என்றவுடன் சாப்பாடும் சாமியும் மட்டும் என்று நினைக்கிறீர்கள். பழைய காயமும் அதில் சேர்த்திதான்.

ஃபெலிக்ஸ் லொங்கோரியா 1945-இல் பிலிப்பைன்ஸில் இறந்த வீரர். 1949-இல் உடல் டெக்சாஸின் த்ரீ ரிவர்ஸ் ஊருக்குத் திரும்பவிருந்தபோது, வெள்ளையர்களுக்குப் பிடிக்காது என்று சொல்லி இறுதிச்சடங்குக் கூடத்தைத் தர மறுத்தார்கள். மருத்துவர் ஹெக்டர் கார்சியா தந்தி மேல் தந்தி அடித்தார். செனட்டர் லிண்டன் ஜான்சன் தலையிட்டு, ஆர்லிங்டன் தேசிய வீரர் கல்லறையில் அடக்கம் செய்தார்கள். கார்சியா அதற்கு முந்தைய ஆண்டுதான் கார்பஸ் கிறிஸ்டியில் அமெரிக்கன் ஜிஐ ஃபோரம் என்ற வீரர் சங்கத்தைத் தொடங்கியிருந்தார். மெக்சிகோ வம்சாவளி வீரர்களுக்குச் சிகிச்சையும் சலுகையும் கிடைக்கவில்லை என்பதுதான் தொடங்கிய காரணமே. அந்தக் கதையைத் தாத்தா வாயால் கேட்டு வளர்ந்த வீட்டில் அரசு முத்திரை போட்ட தாளுக்கு என்ன மரியாதை இருக்கும்?

ஆஸ்டின்காரன்:
சரி, வீட்டாருக்கு ஸ்பானிஷ் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். 'ஒன்ஸ்' விஷயம் எனக்குத் தெரியாது, தூக்கிவாரிப் போட்டது. ஆனால் மந்திரிக்கிறவரையும் சேர்த்துக்கொள்ளப் போகிறீர்களா? முட்டையை உடம்பெல்லாம் தடவி, உடைத்துப் பார்த்துக் குறி சொல்வார்களாமே. அதை மருத்துவத் தாளில் போட்டால் நான் கண்டிப்பாக எதிர்ப்பேன்.

மருந்துமணி, சான் அன்டோனியோ:
அது 'சுஸ்தோ' என்று அவர்கள் சொல்லும் பயநோய்க்குச் செய்வது. பயந்துவிட்டான், ஆவி விலகிவிட்டது என்பார்கள். என் அம்மாவும் எனக்கு வேப்பிலை அடித்திருக்கிறார், அதனால் நான் சிரிப்பதில்லை. முட்டை தடவினால் தடவட்டும், யாருக்கும் கெடுதல் இல்லை. ஆனால் வயிற்றுப் பொருமலுக்குக் கொடுக்கும் கிரேத்தா, அசார்கோன் பொடிகளில் ஈயம் இருக்கிறது. அதைச் சொல்லியே ஆகவேண்டும். முட்டையைக் கேலி செய்துவிட்டு ஈயத்தைப் பற்றிச் சொன்னால் எவர் காதில் ஏறும்?

நேற்று அந்த அம்மாவை மறுபடி பார்த்தேன். 'வெட் சென்டர்' என்று வீரர்களுக்கான ஆலோசனை மையம் 1979-இலிருந்து இருக்கிறது, மருத்துவமனையிலிருந்து தனி, பையன் சம்மதம் இல்லாமல் அங்கே பேசியது படைக்குப் போகாது, வீட்டாரும் பேசலாம் என்றேன். முதல் தடவையாக முகவரி கேட்டார். 988-ஐ அழுத்தி அப்புறம் 1-ஐ அழுத்தினால் வீரர்களுக்கான அவசர உதவி கிடைக்கும், நீங்களே கூப்பிடலாம் என்றதும், அந்த எண்ணைப் பிரசுரத்தின் ஓரத்தில் பெரிதாக எழுதித் தரச் சொன்னார். விசிறிக்கொண்ட அதே தாள்.

நோயின் பெயரைத் தலைப்பிலிருந்து எடுத்துவிட்டேன். இப்போது முதல் வரி இப்படி: "உங்கள் மகன் இரவில் எங்கே உட்காருகிறான்?"

மாவ்னிக்காரன்:
ஸ்பானிஷ் பேசாத வீட்டுக்கும் அந்த வரி பொருந்தும், அதனால் என் வாதம் அப்படியேதான் நிற்கிறது. ஆனால் வரியை மாற்றாதீர்கள். கூடவே, கதவைப் பார்த்தா, ஜன்னலைப் பார்த்தா என்றும் கேளுங்கள். நான் எட்டு மாதம் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்திருந்தேன். கூட்டம் ஞாயிறு எத்தனை மணிக்கு?