மறு: கையில் ஏந்தி இயக்கும் சிறு கணினிக்கு என்ன பெயர்?

அனைவருக்கும் வணக்கம்.

சிறு கணினிகளை ஒப்பிடும் நம் கட்டுரைக்காக நெட்புக் (மலிவான சிறு மடிக்கணினி), யூஎம்பிசி (அல்ட்ரா மொபைல் பிசி, கையில் எடுத்துச் செல்லும் மிகச் சிறிய கணினி), டேப்லெட், ஹேண்ட்ஹெல்டு (கையில் பிடித்து இயக்குவது) ஆகியவற்றுக்குத் தமிழ்ப் பெயராக வந்த பரிந்துரைகள் எல்லாவற்றையும் படித்தேன். என் நிலைப்பாட்டை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அளவைப் பார்த்துப் பெயர் வைக்க வேண்டாம். விற்பவர் வைத்த பெயரை அப்படியே தமிழாக்கவும் வேண்டாம். பொறியை உடம்பில் எங்கே தாங்குகிறோம், எந்த விரலால் இயக்குகிறோம் என்பதைப் பார்ப்போம். 'மடிக்கணினி' அப்படிப் பிறந்த சொல்தான். 2011-இல் தமிழக அரசு 'விலையில்லா மடிக்கணினி' என்று கொடுக்கத் தொடங்கியதும் ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது.

> குறுங்கணினி என்று வைத்தால் சிறிய பொறிகள் எல்லாம் அதில் அடங்கிவிடும்.

எல்லாம் அடங்கிவிடும் என்பதுதான் சிக்கல், ஐயா. 7 அங்குலத் திரை கொண்டவற்றை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2006-இல் மைக்ரோசாஃப்ட் யூஎம்பிசி என்ற வகையை முன்வைத்தபோது வந்த சாம்சங் க்யூ1, 2007-இல் வந்த ஏசஸ் ஈ பிசி 701, 2011-இல் இந்திய மாணவர்களுக்கென்று வெளியிட்ட ஆகாஷ் டேப்லெட், 2017-இல் வந்த விசைப்பலகையுள்ள குட்டிக் கணினி ஜிபிடி பாக்கெட், 2022-இல் வந்த விளையாட்டுக் கணினி ஸ்டீம் டெக். ஐந்துக்கும் திரை 7 அங்குலம். முதல் மூன்றும் 800-க்கு 480 புள்ளிகள் என்பதில்கூட ஒன்றுதான். ஆனால் க்யூ1-ஐ ஒரு கையில் பிடித்து மறுகையால் தொட வேண்டும். ஈ பிசியை மடியிலோ மேசையிலோ வைத்துத் தட்டச்சிட வேண்டும். ஆகாஷின் திரை விரலால் அழுத்தினால்தான் கேட்கும். ஸ்டீம் டெக்கை இரண்டு கையாலும் பற்றி, இருபுறப் பொத்தான்களைக் கட்டைவிரலால் இயக்க வேண்டும். எடையும் உதவாது. முதல் ஐபேட் 680 கிராம், ஸ்டீம் டெக் 669 கிராம். இரண்டையும் ஒரே பெயரில் கட்டினால் வாங்க நினைப்பவருக்கு அந்தப் பெயரால் என்ன தெரியும்?

இன்னொன்று. 'சிறு', 'குறு', 'நுண்' மூன்றும் மினி கம்ப்யூட்டர், மைக்ரோ கம்ப்யூட்டர் என்ற பழைய வகைப்பாட்டிலேயே செலவாகிவிட்டன. 1965-இன் பிடிபி-8 மினி கம்ப்யூட்டர்தான். அதைச் சட்டைப்பையில் போட முடியாது.

> நெட்புக்குக்கு 'இணையக் குறிப்பேடு' பொருந்துமா?

பொருந்தாது என்றே நினைக்கிறேன். அந்த ஆங்கிலப் பெயரே நிலையாக நின்றதில்லை. 1999-இல் சயான் நிறுவனம் தன் பொறி ஒன்றுக்கு வைத்த பெயர் அது. 2008-இல் இன்டெல் மலிவான சிறு மடிக்கணினிகளுக்கெல்லாம் அதைப் பொதுப்பெயராக்கியது. சயான் வணிகக்குறி உரிமை கேட்டுக் கடிதம் அனுப்பி, வழக்காகி, 2009-இல் சமரசம் ஆனது. 2013 வாக்கில் அந்த வகையே கடைகளில் அருகிவிட்டது. அப்படிப்பட்ட பெயருக்கு நாம் ஒரு சொல்லைச் செலவிட வேண்டாம். ஈ பிசி 920 கிராம் எடையுள்ள மடிக்கணினி, அவ்வளவுதான். 'சிறிய மடிக்கணினி' என்று எழுதுவோம். பழைய விற்பனைப் பெயராகச் சொல்ல வேண்டிய இடத்தில் நெட்புக் என்றே இருக்கட்டும்.

டேப்லெட்டுக்குப் 'பலகைக் கணினி' போதும். சிலேட்டை முன்கையில் சாய்த்துப் பிடித்து எழுதுவதும் இதுவும் ஒரே பிடிதான். 'வில்லை' என்று எழுதியவர் மருந்துக்கான பொருளை எடுத்துக்கொண்டிருக்கிறார், அது வேண்டாம். எழுத்தாணிபோல் ஒரு குச்சியால் எழுதும் 1996-இன் பாம் பைலட், பெங்களூரில் வடிவமைத்த சிம்ப்யூட்டர் போன்றவை உள்ளங்கையில் அமர்பவை. அவற்றுக்குக் 'கைக்கணினி' ஏற்கெனவே இருக்கிறது.

சொல் இல்லாமல் நிற்பது ஒரு வகைக்குத்தான்: இரண்டு கையாலும் தாங்கி, இரண்டு கட்டைவிரலால் இயக்குபவை. இது புதிய வகையும் அல்ல. 1994-இல் வந்த எச்பி 200எல்எக்ஸ் என்ற குட்டிக் கணினி இரண்டு பென்சில் பேட்டரியில் வாரக்கணக்கில் ஓடும்; அன்றைய இயங்குதளமான டாஸ் இயங்கும்; கணக்கு அட்டவணை மென்பொருளான லோட்டஸ் 1-2-3 உள்ளேயே இருக்கும். நின்றபடியே கட்டைவிரலால் கணக்கு எழுதலாம். இன்றைய ஜிபிடி பொறிகளும் ஸ்டீம் டெக்கும் அதே பிடியில் இயங்குபவைதான்.

இதற்கு ஏந்துகணினி என்று முன்வைக்கிறேன். ஏந்துதல் என்றால் தூக்குதல் மட்டுமல்ல, பயன்படுத்தும் நிலையில் தாங்கி நிற்றல். வாள் ஏந்தியவர், விளக்கு ஏந்தியவர் என்கிறோம். மூட்டையை ஏந்தியவர் என்று சொல்வதில்லை, சுமந்தவர் என்போம். வினைத்தொகை என்பதால் நடுவே 'க்' வராது: ஊறுகாய், சுடுசோறு போல.

> 'கையேந்தி' இன்னும் இயல்பாக இல்லையா?

இயல்புதான், அக்கா. ஆனால் கையேந்துவது என்றதும் பிச்சையும், அடுத்து கையேந்தி பவனும்தான் நினைவுக்கு வரும். 'கை' இல்லாமல் 'ஏந்து' மட்டும் நின்றால் அந்தச் சாயல் வராது. 'கையடக்கக் கணினி'யையும் யோசித்தேன். இலங்கையில் கையடக்கத் தொலைபேசி என்றாலே செல்பேசி. அங்குள்ள வாசகர்களைக் குழப்பிவிடும்.

கட்டுரையில் விசைப்பலகையுள்ள சிறு பொறிகள் எல்லாவற்றுக்கும் ஒரு பத்தி கட்டாயம் வேண்டும், அது தட்டச்சு பற்றியது. தமிழ்99 என்ற தமிழ் விசைப்பலகை அமைப்பில் 12 உயிர், 18 மெய், ஆய்தம் என 31 விசைகள் தேவை. ஆங்கில எழுத்து விசைகளோ 26. மீதி ஐந்தும் வலப்பக்க ஓரத்துக் குறியீட்டு விசைகளில் இருக்கின்றன: சதுர அடைப்புக்குறிகளில் ச, ஞ, அரைப்புள்ளியில் ந, ஒற்றை மேற்கோளில் ய, சாய்கோட்டில் ழ. சிறிய விசைப்பலகை செய்பவர்கள் முதலில் சுருக்குவதும் இடம் மாற்றுவதும் இந்த ஓரத்தைத்தான். ஆங்கிலத்தில் எழுதுபவருக்கு எப்போதாவது தேவைப்படும் குறி. நமக்கு வரிக்கு வரி வரும் ந, ய, ச. ஈ பிசி 701-இல் வலப்பக்க ஷிஃப்ட்டுக்கும் சாய்கோட்டு விசைக்கும் நடுவே மேல்நோக்கு அம்புக்குறி இருக்கும்; 'ழ' அடிக்கப் போய் விரல் சற்று விலகினால் எழுதும் இடத்தைக் காட்டும் சுட்டி மேல்வரிக்குத் தாவிவிடும். ஆங்கில மதிப்புரைகள் 'விசைப்பலகை பழகிவிடும்' என்று ஒரு வரியில் முடித்துவிடும். ஆகவே எந்தப் பொறியை ஒப்பிட்டாலும் அந்த ஐந்து விசைகள் எங்கே இருக்கின்றன, முழு அளவில் இருக்கின்றனவா என்று ஒரு கட்டம் போட வேண்டும். செயலியின் வேகத்தைவிட நம் வாசகருக்கு அது முக்கியம். தமிங்கில முறையில் (ஆங்கில எழுத்துகளால் தமிழ் ஒலியை அடிப்பது) அடிப்பவருக்கு இந்தச் சிக்கல் இல்லை என்பதையும் குறிப்பிடுங்கள்.

ஒன்று மட்டும் எனக்குப் பிடிபடவில்லை. 2018-இன் சர்ஃபேஸ் கோ போல விசைப்பலகையைக் கழற்றி மாட்டும் 10 அங்குலப் பொறிகள். கழற்றினால் பலகைக் கணினி. மாட்டினால் மேசையில் நன்றாக நிற்கும். மடியில் வைத்தாலோ பின்தாங்கி ஆடும், ஆகவே மடிக்கணினி என்றும் சொல்ல முடியவில்லை. 'விசைப்பலகையுள்ள பலகைக் கணினி' என்றால் 'பலகை' இரண்டு முறை வந்து இடிக்கிறது. இதற்கு யாரிடமாவது நல்ல சொல் இருக்கிறதா?

அன்புடன்.