சர்க்கரையும் நிலக்கரியும் ரப்பரும்: அமெரிக்கா கடல் கடந்து ஆளத் தொடங்கியது எதனால்?

கேள்வி: ஆறாம் படிவ மாணவி, பகாவ், மலேசியா

அனைவருக்கும் வணக்கம். என் பாட்டி பகாவுக்கு அருகிலுள்ள ரப்பர் தோட்டத்தில் முப்பது ஆண்டுகள் பால் மரம் வெட்டியவர்; துரை என்றால் எங்கள் வீட்டில் ஆங்கிலேயர் மட்டுமே. தானே பிரிட்டனிடம் அடிமைப்பட்டிருந்து 1776இல் விடுதலையை அறிவித்த அமெரிக்கா, 1898 என்ற ஒரே ஆண்டில் ஹவாயை இணைத்துக்கொண்டு, ஸ்பெயினிடமிருந்து குவாம், புவேர்ட்டோ ரிக்கோ, பிலிப்பைன்ஸ் ஆகியவற்றையும் பெற்றதைப் படித்தபோது திகைத்துவிட்டேன். ஸ்பெயின் ஆண்ட கியூபாவின் ஹவானா துறைமுகத்தில் அமெரிக்காவின் மெய்ன் போர்க்கப்பல் வெடித்ததே காரணம் என்று என் குறிப்பேட்டில் எழுதியிருக்கிறேன். கியூபாவில் ஒரு கப்பல் வெடித்ததற்காக மணிலா வரை போவார்களா?

பதில் 1: ஓய்வுபெற்ற வரலாற்று ஆசிரியர், குவாலா பிலா

மகளே, உன் ஐயம் நியாயமானது. கப்பல் வெடித்தது ஸ்பெயினுடனான போருக்குக் கிடைத்த சாக்கு. காரணங்கள் அதற்கு முன்பே முற்றியிருந்தன. அமெரிக்காவின் மேற்கே குடியேற்றம் எட்டாத எல்லைப் பகுதி என்று சொல்ல இனி எதுவும் இல்லை என்று 1890ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கு காட்டியது. 1893இல் வந்த பொருளாதார வீழ்ச்சி, ஆலைகளில் குவியும் சரக்குக்கு வெளிச் சந்தை வேண்டும் என்ற குரலை வலுப்படுத்தியது.

ஆனால் தோட்டத்துப் பிள்ளையான நீ ஹவாயைத்தான் முதலில் பார்க்க வேண்டும். 1875இல் அமெரிக்காவுடன் செய்த உடன்படிக்கையால், அன்று தனி அரசாக இருந்த ஹவாயின் சர்க்கரை வரியின்றி அமெரிக்காவுக்குள் போனது. கரும்புத் தோட்டங்கள் பெருகின. 1890இல் வந்த மெக்கின்லி வரிச் சட்டம் எல்லா நாட்டுச் சர்க்கரைக்கும் வரியை நீக்கி, உள்நாட்டு உற்பத்தியாளருக்கு மட்டும் ராத்தலுக்கு (பவுண்டுக்கு) 2 சென்ட் ஊக்கத்தொகை கொடுத்தது. ஹவாயின் சலுகை ஒரே சட்டத்தில் மதிப்பிழந்தது. அமெரிக்க மண்ணாகிவிட்டால் அந்த 2 சென்ட் தமக்கும் கிடைக்கும் என்று தோட்ட முதலாளிகள் சிலர் கணக்குப் போட்டார்கள். 1893 ஜனவரியில், கரையிறங்கிய அமெரிக்கக் கடற்படை வீரர்களின் நிழலில், ஹவாய் அரசி லிலியுவோகலானி பதவியிறக்கப்பட்டார். இணைப்பை எதிர்த்து 1897இல் ஹவாய் மக்கள் 21,000க்கும் மேற்பட்ட கையொப்பங்களை வாஷிங்டனுக்கு அனுப்பினார்கள் என்பதையும் உன் குறிப்பேட்டில் சேர்த்துக்கொள்.

பதில் 2: தோட்டக் கிராணியின் மகன், கெமாஸ்

ஆசிரியர் ஐயா சொன்னதை மதிக்கிறேன். எனினும் சர்க்கரை ஒன்றே எல்லாவற்றையும் விளக்கிவிடாது. அமெரிக்கச் சட்டம் வந்தால் ஒப்பந்தக் கூலி முறை போய்விடுமே என்று அஞ்சி இணைப்பை எதிர்த்த தோட்ட முதலாளிகளும் ஹவாயில் இருந்தார்கள்; 1900இல் அந்த ஒப்பந்தங்கள் செல்லாதவை ஆயின. அன்று மலாயாவாக இருந்த நம் நாட்டில் இந்தியர்களுக்கான ஒப்பந்தக் கூலி முறை 1910இல்தான் ஒழிக்கப்பட்டது.

என் பார்வையில் கடற்படைக்கே கூடுதல் எடை தர வேண்டும். நீராவிக் கப்பல் நிலக்கரி இல்லாமல் கடலைக் கடக்காது. சீனச் சந்தையை நோக்கிப் போகும் கப்பலுக்கு வழியில் நிலக்கரி ஏற்றத் துறைமுகம் வேண்டும். கடல் வலிமையே நாட்டின் வலிமை என்று 1890இல் அமெரிக்கக் கடற்படை அதிகாரி மாஹன் எழுதிய நூல், பின்னர் அதிபரான தியோடர் ரூஸ்வெல்ட் போன்றவர்களைக் கவர்ந்தது. அதனால்தான் கியூபாவுக்காகத் தொடங்கிய போரின் முதல் பெரிய மோதல் 1898 மே 1 அன்று மணிலா விரிகுடாவில் நடந்தது. பிறகு 2 கோடி டாலர் கொடுத்துப் பிலிப்பைன்சைப் பெற்றார்கள். விடுதலையை அறிவித்திருந்த பிலிப்பைன்ஸ் தலைவர் அகினால்டோவின் மக்களைக் கேட்கவில்லை. 1899இல் அவர்களுடன் மூண்ட போரில் 4,000க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் மாண்டார்கள். பிலிப்பைன்ஸ் மக்களின் இழப்போ அதைப் போலப் பல மடங்கு. பிறரைக் காட்டுமிராண்டிகளாகக் கண்ட இனச்செருக்கும் ஒரு காரணம் என்பதை அந்தப் போர் காட்டுகிறது.

பதில் 3: முன்னாள் ரப்பர் தொழிற்சாலை ஊழியர், பகாவ்

தங்கச்சி, உன் பாட்டி வெட்டிய பாலுக்கும் இதற்கும் தொடர்பு உண்டு. விலையைத் தூக்கி நிறுத்த 1922இல் பிரிட்டன், மலாயாவிலும் இலங்கையிலும் ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது. 1925இல் விலை ராத்தலுக்கு ஒரு டாலரைத் தாண்டியபோது அமெரிக்க டயர் முதலாளிகள் கொதித்தார்கள். தங்கள் கொடி பறந்த பிலிப்பைன்சில் ஒரு நிறுவனம் 1,024 ஹெக்டருக்கு மேல் நிலம் வைத்திருக்கச் சட்டம் இடம் தரவில்லை. எனவே ஃபயர்ஸ்டோன் நிறுவனம் 1926இல், யாருக்கும் அடிமைப்படாத தனி நாடாக இருந்த ஆப்பிரிக்காவின் லைபீரியாவில் 10 லட்சம் ஏக்கர் வரை, ஏக்கருக்கு ஆண்டுக்கு 6 சென்ட் வீதம், 99 ஆண்டுக் குத்தகைக்குப் பேசி முடித்தது. அங்கே ஆளுநரும் இல்லை, அமெரிக்கக் கொடியும் இல்லை. ஆனால் விடியற்காலையில் கத்தியும் வாளியுமாக ரப்பர் மர நிரைக்குப் போனவர்கள் அங்கேயும் இருந்தார்கள்.