யூஎஸ்பி டாக்கில் பாட்டு வேகமாக ஓடுகிறது, சுருதியும் ஏறுகிறது

கேள்வி:
லினக்ஸ், பைப்வயர் (ஒலியைக் கையாளும் மென்பொருள்). யூஎஸ்பி டாக் (டிஏசி, டிஜிட்டல் ஒலியை அனலாக்காக மாற்றும் கருவி) வழியாகக் கேட்டால் பாட்டு வேகமாக ஓடுகிறது, குரலும் கீச்சென்று ஏறிவிடுகிறது. 3 நிமிடப் பாட்டு 2:45-க்கே முடிந்துவிடுகிறது. மடிக்கணினி ஸ்பீக்கரில் சரியாக இருக்கிறது. எங்கே பார்ப்பது?

பதில்:
பிளேயரைச் சந்தேகிக்க வேண்டாம். எம்பிவி, விஎல்சி இரண்டும் வேகத்தைக் கூட்டினாலும் இயல்பாகச் சுருதியை மாற்றாது. 180 வினாடியை 165-ஆல் வகுத்தால் சுமார் 1.09, வழக்கமான சாம்பிள் ரேட்டுகளான (வினாடிக்கு எத்தனை ஒலி மாதிரிகள்) 48000-ஐ 44100-ஆல் வகுத்தாலும் அதேதான். அதாவது 44.1 கிலோஹெர்ட்ஸ் பாட்டை டாக் 48-இல் ஓட்டுகிறது.

பாட்டு ஓடும்போதே டெர்மினலில் பிடபிள்யூ-டாப் கட்டளை போட்டு டாக் வரியில் ரேட் பாருங்கள். 44100 என்று காட்டினாலும் நம்பிவிடாதீர்கள். அது லினக்ஸ் டாக்கிடம் கேட்ட ரேட்; டாக் செய்வது வேறாக இருக்கலாம். ஸ்பீக்கர்-டெஸ்ட் கட்டளையில் டாக்கின் ஹார்டுவேர் எண்ணையே கொடுத்து, 440 ஹெர்ட்ஸ் சைன் ஒலியை 44100 ரேட்டில் ஓடவிட்டு, ஃபோனில் ட்யூனர் ஆப்பை வைத்து அளந்து பாருங்கள். 440 வந்தால் டாக் சரி, 479 வந்தால் பொய் சொல்கிறது. டாக் பிஸி என்று பிழை வந்தால், பாட்டை நிறுத்திவிட்டுச் சில வினாடி பொறுங்கள்; பைப்வயர் விட்டுவிடும்.

கேட்டவர்:
44100-இல் 479. 48000-இல் சரியாக 440. பிடபிள்யூ-டாப் 44100 என்றுதான் காட்டுகிறது.

பதில்:
அப்படியென்றால் டாக்கின் ஃபர்ம்வேர் (அதற்குள் இருக்கும் மென்பொருள்) 44100-க்குத் தலையாட்டிவிட்டுக் கடிகாரத்தை மாற்றாமல் இருக்கிறது. கர்னல் லாக்கில் யூஎஸ்பி ஆடியோ டிரைவரின் எச்சரிக்கையும் இருக்கலாம், பாருங்கள்.

பைப்வயர் இயல்பாக எல்லாவற்றையும் 48000-க்கு மாற்றித்தான் அனுப்பும். எனவே உங்கள் கான்ஃபிக் கோப்பில் அலவ்டு-ரேட்ஸ் (அனுமதிக்கும் ரேட்டுகள்) வரியில் 44100 சேர்க்கப்பட்டிருக்க வேண்டும். முதலில் பிடபிள்யூ-மெட்டாடேட்டா கட்டளை வழியாக ஃபோர்ஸ்-ரேட் (கட்டாய ரேட்) 48000 கொடுத்துப் பாருங்கள். 0 கொடுத்தால் பழையபடி ஆகிவிடும். சரியானால் கோப்பில் அந்த வரியிலிருந்து 44100-ஐ எடுத்துவிட்டு பைப்வயர், அதன் துணை மென்பொருளான வயர்பிளம்பர் இரண்டையும் ரீஸ்டார்ட் செய்யுங்கள். சூடோ (அட்மின் உரிமை) வேண்டாம், சிஸ்டம்சிடிஎல்-லில் யூசர் ஆப்ஷன் போதும். இவை உங்கள் கணக்கில்தான் ஓடுகின்றன.

இன்னொரு பதில்:
அலவ்டு-ரேட்ஸ் வரியில் 88200, 176400 இருந்தால் அவற்றையும் எடுத்துவிடுங்கள். அவையும் 44100-இன் மடங்குகள்தான், அதே சிக்கல் வர வாய்ப்பு அதிகம். 96000-ஐத் தனியாகச் சோதித்துவிட்டு வைத்துக்கொள்ளலாம். ரீசாம்பிள் (ரேட்டை மாற்றுதல்) செய்தால் தரம் போய்விடும் என்று சிலர் சொல்வார்கள். அந்த வித்தியாசம் காதுக்குத் தெரியாது. 9 சதவீதம் வேகமாக ஓடும் பாட்டு நன்றாகவே தெரியும்.