ஹீலியோஸ் 44-2 வாங்கலாமா?

வாவிக்கரை:
என்ர நிக்கோன் டி7500 கெமராவுக்கு ஹீலியோஸ் 44-2 என்ற பழைய சோவியத் வில்லை (58 மிமீ, எஃப்/2) பார்க்கிறன். முழுத் திறப்பில் (எஃப்/2) கூர்மை எப்படி? மட்டக்களப்பு கல்லடிக் கடற்கரை உப்புக்காத்துக்குத் தாங்குமா?

ஒளிவலை:
தம்பி, முதல்ல மவுண்டை, அதாவது வில்லை கெமராவில் பூட்டும் இடத்தைப் பாருங்க. இது எம்42 என்ற திருகு மவுண்ட் வில்லை; இதற்கு மவுண்டிலிருந்து சென்சர் வரை 45.46 மிமீ வேணும், நிக்கோனில் 46.5. வெறும் அடாப்டரோட சில மீட்டருக்கு அப்பால் ஃபோக்கஸ் வராது. கண்ணாடி வைத்த மலிவு அடாப்டர் தூரத்தைத் தரும், கூர்மையைத் தின்னும். டி7500 ஒளியளவும் காட்டாது. கெனன் இஎஃப் மவுண்ட் (44 மிமீ), உள்ளே ஆடியில்லாத மிரர்லெஸ் கெமரா என்றால் தூர ஃபோக்கஸுக்குக் கவலையே இல்லை.

எஃப்/2இல் நடுப்பகுதி நல்ல கூர்மை, ஆனால் மெல்லிய பனிபோல ஒளி படரும்; ஓரம் குழையும். எஃப்/5.6இல் சீராகும். பேர்போன சுழல் பின்னணி படத்தின் ஓரங்களில்தான் பிறக்குது. டி7500இல் உள்ள சிறிய ஏபிஎஸ்-சி சென்சர் அதை வெட்டிவிடும். ஒற்றைப் பூச்சு என்பதால் கடற்கரைச் சூரியனுக்கு நேரே பிடித்தால் படம் வெளிறும். வெளிச்சம் மறைக்கும் 49 மிமீ ஹூட் கட்டாயம்.

மாரிமழை:
பூஞ்சணம்தான் இங்க எதிரி. துளையை முழுசாத் திறந்து, பின்னாலிருந்து டோர்ச் அடிச்சுப் பாருங்க. சிலந்திவலை மாதிரி இழை தெரிஞ்சா விடுங்க: துடைச்சாலும் பூச்சை அரிச்ச தழும்பு போகாது. துளையைச் சுருக்கும் இதழில் எண்ணெய் இருந்தா அவ்வளவு பயமில்லை, இது துளையைக் கையால் மூடும் பிரிசெட் வகை. காற்றுப்புகாப் பெட்டி, சிலிக்கா ஜெல், ஈரப்பதமானி; 40-50 சதவீதம் வைச்சிருங்க. மார்கழியில் ஜெல்லை அடிக்கடி காயவைக்கணும்.

வாவிக்கரை:
அப்ப அடாப்டரோட பழைய கெனன் கெமராவே தேடுறன், அண்ணே.