இரண்டு மாநிலமும் வரி கேட்கிறது, அவசர உதவி தேவை

ஜெகன்ஆர்: வணக்கம். அமெரிக்காவில் இருக்கிறேன். வீடு ஒரு மாநிலம், ஆபீஸ் வேறு மாநிலம். ஆபீஸ் இருக்கும் மாநிலத்துக்குச் சம்பளத்திலேயே வரி பிடித்துவிட்டார்கள். இப்போது மென்பொருள் வீட்டு மாநிலத்துக்கு இன்னும் 6,700 டாலர் கட்டச் சொல்கிறது. ஒரே சம்பளத்துக்கு இரண்டு தடவையா? ஏப்ரல் 15-க்குள் முடிக்க வேண்டும், கை ஓடவில்லை.

வசந்தி: எந்தெந்த மாநிலம் தம்பி? அது தெரியாமல் யாரும் ஒன்றும் சொல்ல முடியாது.

முரளி_பிஏ: குடியிருக்கும் மாநிலத்துக்கு மட்டும் வரி கட்டினால் போதும் என்று இரண்டுக்கும் ஒப்பந்தம் இருக்கும், பாருங்கள். நான் பென்சில்வேனியாவில் குடியிருந்து நியூஜெர்சியில் வேலை பார்க்கிறேன். கம்பெனியில் என்ஜே-165 படிவம் கொடுத்தேன், இப்போது பென்சில்வேனியாவுக்கு மட்டும்தான் கட்டுகிறேன்.

ராஜி: கம்பெனி வருடா வருடம் தரும் சம்பள, வரி விவரப் படிவமான டபிள்யூ-2-வில் 15, 16, 17-ஆம் பெட்டிகளில் என்ன இருக்கிறது? 19-இல் நியூயார்க் நகர வரி ஏதாவது பிடித்திருக்கிறார்களா?

ஜெகன்ஆர்: சொல்ல மறந்துவிட்டேன். வீடு நியூஜெர்சியில் எடிசன், ஆபீஸ் நியூயார்க்கில் மன்ஹாட்டன். வாரம் 2 நாள்தான் போவேன், மீதி வீட்டிலிருந்தே. 16-இல் முழுச் சம்பளமும் நியூயார்க் என்று இருக்கிறது, 1,40,000. நகர வரி இல்லை.

முரளி_பிஏ: அப்படியானால் ஒப்பந்தம் இல்லை, சரி. ஆனால் வீட்டில் வேலை பார்த்த 3 நாளும் நியூஜெர்சி வருமானம்தானே? நியூயார்க்குக்கு 40 சதவீதம் மட்டும் காட்டுங்கள். மீதியைத் திருப்பித் தருவார்கள்.

சிவக்கொழுந்து: இதே கேள்வி வருடா வருடம் வருகிறது. பழைய இழைகளைப் பத்து நிமிடம் படித்திருந்தால் இந்தப் பதற்றம் தேவையில்லை. முரளி, தெரியாததைச் சொல்லி ஒருவரை மாட்டிவிடாதீர்கள். ஆபீஸ் நியூயார்க்கில் இருந்து, உங்கள் வசதிக்காக வீட்டில் வேலை பார்த்தால், அந்த நாளும் நியூயார்க் நாள்தான். 40 சதவீதம் காட்டினால் தணிக்கைக் கடிதம் வரும். கம்பெனியின் தேவைக்காக வெளியே போன நாளை மட்டுமே கழிக்கலாம்.

முரளி_பிஏ: காலடி வைக்காத மாநிலத்துக்கு எதற்கு வரி? இது அநியாயம் இல்லையா?

சிவக்கொழுந்து: அநியாயமோ நியாயமோ, சட்டம் அதுதான். கனெக்டிகட்டில் குடியிருந்த ஜெலின்ஸ்கி என்ற சட்டப் பேராசிரியர் இதே வாதத்தோடு நியூயார்க்கின் உச்ச மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய், 2003-இல் தோற்றார்.

ராஜி: நியூஜெர்சியும் சும்மா இல்லை. 2023-இல் பதிலுக்குப் பதில் சட்டம் போட்டது. நியூயார்க்கில் குடியிருந்துகொண்டு நியூஜெர்சி கம்பெனிக்கு வீட்டிலிருந்து வேலை பார்ப்பவர்களுக்கு இப்போது அதே விதி. முரளி சொல்வதில் நியாயம் இருக்கிறது என்றுதான் எனக்கும் தோன்றுகிறது. எங்கள் ஊர்ச் சாலைக்கும் பள்ளிக்கும் வர வேண்டிய பணம் ஆற்றைத் தாண்டி நியூயார்க்குக்குப் போகிறது.

முரளி_பிஏ: அதைத்தான் நானும் சொல்கிறேன்!

வசந்தி: சண்டை போதும், அந்தப் பிள்ளை காத்திருக்கிறது. தம்பி, மென்பொருளில் எந்த மாநிலத்தை முதலில் நிரப்பினீர்கள்? வருடம் முழுக்க எடிசனில்தானா? வேறு எங்காவது வேலை பார்த்தீர்களா?

ஜெகன்ஆர்: நியூஜெர்சிதான் முதலில், அக்கா. குடியிருப்பு வருடம் முழுக்க எடிசன். நடுவில் கம்பெனி அனுப்பி 6 வாரம் டல்லாஸில், வாடிக்கையாளர் ஆபீஸில் இருந்தேன். அப்புறம் அம்மாவுக்கு உடம்பு சரியில்லை என்று சென்னை போய், 3 வாரம் அங்கிருந்தே வேலை பார்த்தேன். இதெல்லாம் முக்கியமா?

வசந்தி: அதுதான் முக்கியம்! நியூஜெர்சியை அழித்துவிட்டு வெளி மாநிலத்தவருக்கான நியூயார்க் வரிப் படிவம் ஐடி-203-ஐ முதலில் முடியுங்கள். 16-ஆம் பெட்டியைப் பார்த்துப் பயப்படாதீர்கள். நியூயார்க் விதிப்படி அதில் முழுச் சம்பளமும்தான் போடுவார்கள். அதோடு சேரும் ஐடி-203-பி-யில் நாள் கணக்கு எழுத இடம் இருக்கிறது. சனி, ஞாயிறு, விடுமுறை நாட்கள் முதலிலேயே கழிந்துவிடும். டல்லாஸ் 30 நாள் கம்பெனி அனுப்பியது, வெளி நாளாக எழுதலாம். பயணச் சீட்டையும் கம்பெனி மின்னஞ்சலையும் பத்திரமாக வையுங்கள். சென்னை நாட்களை எழுதாதீர்கள். காரணம் எவ்வளவு நியாயமானாலும் கம்பெனி அனுப்பவில்லை, அதுவும் நியூயார்க் நாள்தான். இதை முடித்த பிறகு நியூஜெர்சியின் வரிப் படிவம் என்ஜே-1040. அதில் வெளி மாநிலத்தில் கட்டிய வரிக்குக் கழிவு தரும் அட்டவணை என்ஜே-சிஓஜே. நியூயார்க்கில் கட்டிய வரி, அதே வருமானத்துக்கு நியூஜெர்சி போடும் வரி, இரண்டில் எது குறைவோ அதைக் கழிப்பார்கள். டெக்சாஸில் மாநில வருமான வரி இல்லை. அதனால் அந்த 30 நாளுக்கு மட்டும் நியூஜெர்சி முழுசாகக் கேட்கும். அம்மா இப்போது நலமா?

சிவக்கொழுந்து: என்ஜே-சிஓஜே-யில் கழிவுக்கு எழுதும் வருமானம் நியூயார்க் படிவத்தில் உள்ள தொகையோடு ஒத்துப்போக வேண்டும். இந்த இடத்தில்தான் எல்லாரும் தவறு செய்வார்கள்.

முரளி_பிஏ: டெக்சாஸில்தான் வீடு வாங்க வேண்டும் போல.

ராஜி: அங்கே வீட்டு வரியைப் பார்த்துவிட்டுச் சொல்லுங்கள்.

ஜெகன்ஆர்: வந்துவிட்டது. நியூயார்க் 950 சுமார் திருப்பித் தருகிறது, நியூஜெர்சிக்கு 840 கட்டினால் போதும். அம்மா நலம். ரொம்ப நன்றி அக்கா.

ராஜி: நியூஜெர்சியில் பாக்கி 400 டாலருக்கு மேல் போனால், முன்கூட்டிக் கட்டாததற்கு வட்டி கேட்கலாம். என்ஜே-2210 படிவத்தையும் பாருங்கள். பார்த்தீர்களா ஜெகன்?