மறுமொழி: ‘பாப்-அப் கேனபி’க்குத் தமிழ்ச்சொல்: மடக்குப்பந்தல்?

அன்புடையீர், வணக்கம்.

எங்கள் குடியிருப்பின் மருத்துவ முகாமுக்காக வாங்கிய பத்தடிச் சதுர ‘பாப்-அப் கேனபி’யை (இழுத்தால் விரிந்து நிற்கும், மடக்கிவைக்கத்தக்க துணிப்பந்தல்) பேணும் முறை பற்றிக் காவலாளிகளுக்கு ஒரு பக்கக் குறிப்பு எழுத முற்பட்டபோது அதைத் தமிழில் எப்படி அழைப்பது என எழுந்த சொற்சிக்கலைத்தான் சென்ற வாரம் இங்கே வைத்திருந்தேன். ஐப்பசி மழையில் நனைந்த துணியை அப்படியே மடித்து மாடிப்படிக்கு அடியில் வைத்துவிட்டு, தை பிறந்த பிறகு கரும்புள்ளிகளோடு விரித்தவன் நானே; ஆதலால் குறிப்பு எழுதும் பொறுப்பும் என் தலையில் விழுந்தது.

அதற்கு விடையாக முன்மடலில் வந்த ‘கையடக்கக் கூடாரம்’ எனக்கு ஒப்பவில்லை. கூடாரம் என்றவுடன் சுற்றுமறைப்பும் உள்ளே தங்குவதும் நினைவுக்கு வருகின்றன. இதுவோ நான்கு கால்களின் மேல் நிற்கும் நிழல் மட்டுமே. இரும்புச் சட்டம் உடையது இருபது கிலோவைக்கூடத் தாண்டும். இருவர் சேர்ந்து தூக்குவதைக் கையடக்கம் என்றால் தூக்குகிறவர்கள் சிரிப்பார்கள். ‘ஷாமியானா’ சென்னையில் எல்லாருக்கும் புரியும் என்றாலும், கம்பமும் கயிறும் கொண்டு வாடகைக்கடை ஆட்கள் வந்து கட்டித் தருவதையே அது குறிக்கிறது.

மடக்குக்கத்தி, மடக்குக்கட்டில், மடக்குநாற்காலி என்னும் வரிசையில் ‘மடக்குப்பந்தல்’ என்பதே என் பரிந்துரை. இதன் ஆயுள் மடக்கும் நேரத்தில்தான் தீர்மானமாகிறது என்பதால் பெயரிலேயே அவ்வினை இருப்பது நல்லது.

ஆனால் இந்த ஒரு சொல் போதாது. துணியைப் பேணும் முறை வேறு, சட்டத்தைப் பேணும் முறை வேறு. சிலப்பதிகார மங்கல வாழ்த்துப் பாடலில் ‘நீல விதானத்து நித்திலப் பூம்பந்தர்’ என வருகிறது. மேலே விரித்த துணி விதானம், அதையும் உட்கொண்ட முழு அமைப்பு பந்தர், அதாவது பந்தல். இந்தப் பகுப்பை அப்படியே எடுத்துக்கொண்டால் குறிப்பின் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடுகிறது.

விதானத்தின் பாலியெஸ்டர் இழையைப் பூஞ்சை எளிதில் தின்பதில்லை; அதன்மேல் படிந்த தூசும் பறவை எச்சமும்தான் பூஞ்சைக்கு உணவு. ஆகவே மிதமான சோப்புநீரும் மென்மையான தூரிகையும் போதும்; சலவை இயந்திரமும் வெளுப்புத்தூளும் கூடா. உட்புறத்தில் நீர் புகாமல் காக்கும் பாலியூரித்தேன் பூச்சு, வெப்பமும் ஈரமும் சேர்ந்த இடத்தில் நாளடைவில் நீராற்பகுப்புக்கு (நீரால் வேதிமுறையில் சிதைவதற்கு) உள்ளாகிப் பிசுபிசுக்கும். அந்நிலையை அடைந்த பூச்சை மீட்க வழியில்லை. அதே வேளையில், உலரட்டும் என்று மொட்டைமாடி வெயிலில் நாட்கணக்கில் போட்டுவைத்தால் புற ஊதாக் கதிர் இழையை நொறுங்கச் செய்துவிடும். அக்டோபர் முதல் டிசம்பர் வரையிலான வடகிழக்குப் பருவமழைக் காலத்தில், கார் நிறுத்துமிடத்தில் கொடிகட்டி, ஓரத் தையல்களில் ஈரம் போகும் வரை காற்றாட விடுவதே வழி.

சட்டத்துக்குப் பகை உப்புக்காற்று. பெசன்ட் நகர், திருவான்மியூர் போன்ற கடலோரப் பகுதிகளில் பயன்படுத்தினால் நன்னீரில் நனைத்த துணியால் துடைத்து, நன்கு காய்ந்த பிறகு மூட்டுகளில் சிலிக்கோன் தெளிப்பான் அடிக்க வேண்டும். தேங்காய் எண்ணெயோ தையல் இயந்திர எண்ணெயோ மணலைப் பிடித்துவைத்துக்கொள்ளும். குறுக்கும் நெடுக்குமாக விரிந்து சுருங்கும் கம்பிகளுக்குக் ‘கத்தரிச்சட்டம்’, உயரம் கூட்டக்கூடிய காலுக்கு ‘நீள்கால்’ என எழுதியுள்ளேன். இவற்றில் பெரிய கருத்துவேறுபாடு வராது என நினைக்கிறேன். விதானத் துணியின் இழை அளவாகச் சொல்லப்படும், 9000 மீட்டர் இழை எத்தனை கிராம் எடையுள்ளது என்பதைக் குறிக்கும் ‘டெனியர்’, பட்டுநூல் வணிகத்தில் ஊறிப்போன சொல்; அதைத் தொட வேண்டாம்.

எஞ்சியிருப்பது ஒன்று. காலின் மேல் வழுக்கி ஏறி, பித்தானை அழுத்தியதும் விடுபடும் பகுதிக்கு ‘ஓடுகட்டை’ என்று தற்காலிகமாக வைத்திருக்கிறேன். விரல் நசுங்குவது அங்கேதான் என்பதால் எச்சரிக்கை வரிகளில் அச்சொல் மூன்று முறை வருகிறது. குடைக்கம்பியில் ஓடும் பகுதிக்குக் குடை பழுதுபார்ப்போர் வழங்கும் சொல்லை அறிந்தவர்கள் எழுதினால், வரும் ஞாயிறு முகாமுக்கு முன் மாற்றிவிடுகிறேன்.